பொம்மை ரயிலும் பொய்க் கணக்கும்

ஜனவரி மாதம் பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு பண்டிகைகள். ஒன்று ஊரறிந்த பொங்கல். மற்றொன்றுக்குப் பஞ்சாங்கத்தில் இடமில்லை. பள்ளிக்கூடத்து விடுமுறை ஜாபிதாவிலும் இல்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உள்ள பொம்மை ரயில் கம்பெனிக்காரர்கள், அவ்வருஷத்தில் தாங்கள் வெளியிடப் போகும் புதிய இஞ்சின்களையும் வண்டிகளையும் பற்றிப் பெரும்பாலும் அம்மாதத்திலேதான் உலகத்துக்கு அறிவிக்கிறார்கள். லண்டனில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் அந்தக் கேட்லாக் புத்தகம் ஒன்றை வருஷந்தோறும் தவறாமல் எனக்கு அனுப்பி வைக்கிறான். வழவழப்பான காகிதம், கண்ணைப் பறிக்கும் வர்ணப் படங்கள். அது வந்து சேர்ந்த தினத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் பரீட்சைத் தாள்கள் திருத்தப்படுவதில்லை என்பதை இங்கே மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

"நாற்பது வயது கடந்த மனிதருக்குப் பொம்மை ரயிலா?" என்று நேயர்கள் நகைக்கலாம். தபால் தலை சேர்க்கிறவரைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை. பழைய காசுகளைச் சேர்க்கிறவரைச் சரித்திர ஆராய்ச்சியாளர் என்று மரியாதையாகவே அழைக்கிறார்கள். ரயில் இஞ்சினைச் சேர்க்கிறவனுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. என் தகப்பனார் விழுப்புரத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். மீட்டர் கேஜ் பாதையில் ஒய்.பி. வகை நீராவி இஞ்சின் மூச்சுவிட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பிளாட்பாரத்தில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பார்த்த பையன் நான். அந்தப் பையன் இன்னும் எனக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறான். வண்டிதான் போய்விட்டது.

*

இந்த வியாபாரத்தின் மூல ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மானியர்கள். கோப்பிங்கன் என்ற ஊரில் மெர்க்லின் என்பவர் 1859-ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகரப் பட்டறையில் முதலில் செய்தவை பெண் குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமான்கள். அவருடைய பிள்ளைகள் காலத்தில், 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரத்துச் சந்தையில், தண்டவாளத்தோடு கூடிய ரயில் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். பொம்மை ரயில் அதற்கு முன்னும் உண்டு. ஆனால் தண்டவாளத்தின் அகலத்துக்கு இன்ன அளவு என்று நிர்ணயித்து, இன்று வாங்கிய வண்டி அடுத்த வருஷம் வாங்கும் தண்டவாளத்திலும் ஓடும் என்று ஏற்பாடு செய்ததுதான் புதுமை. அதோடு குழந்தையின் தகப்பனார் வசமாகச் சிக்கிக்கொண்டார். இந்த வருஷம் இஞ்சின். அடுத்த வருஷம் ஒரு ஸ்டேஷன். அதற்கடுத்த வருஷம் பாலமும் குகையும். வாங்கி முடித்தோம் என்று பெருமூச்சு விடுவதற்கு அதில் இடமே இல்லை. கேட்லாக் என்ற வலை அன்று விரிக்கப்பட்டது. நூற்று முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஒரு தமிழ் உபாத்தியாயர் அதில் வந்து விழுந்தார்.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்குப் பிதா, லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி. துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பாலம், பாரந்தூக்கி முதலியவற்றைக் கட்டி விளையாடும் மெக்கானோவுக்கு அவர் 1901-ல் காப்புரிமை பெற்றார். 1920-ல் ரயில் வண்டிகளையும் செய்ய ஆரம்பித்தார். அவர் 1936-ல் காலமான பிறகு, 1938-ல், மேஜைமேல் ஓடக்கூடிய சின்ன ரயிலை "ஹார்ன்பி டப்லோ" என்ற பெயரில் அவருடைய கம்பெனி வெளியிட்டது.

அந்தச் சின்ன ரயிலில் ஒரு வேடிக்கை உண்டு. பௌதிகம் கற்பிக்கிறவனாதலால் இதைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. ஐரோப்பாவில் வழங்கும் அளவு அசலில் 87-ல் ஒரு பங்கு. அதற்குரிய தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆனால் இங்கிலாந்து தேசத்து இஞ்சின்கள் அசலிலேயே சற்று ஒடுங்கியவை. பழைய பாலங்களுக்கும் குகைகளுக்கும் அடியில் நுழைந்து செல்ல வேண்டியவை. அவற்றை 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? உடம்பை மட்டும் 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, பாதத்தைப் பழைய 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே வைத்துவிட்டார்கள். கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆகவே இந்த அளவுள்ள பிரிட்டிஷ் பொம்மை ரயில்கள் இன்றளவும் தம் சரீரத்துக்குச் சற்றுக் குறுகிய பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கதவுப்பிடியின் நிறம் மாறிவிட்டது என்று கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதுகிற ரசிகர்கள், இந்த இரண்டேகால் மில்லிமீட்டர் சொச்சத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். பழகிப் போன பிழையை மனிதன் பிழையென்றே கருதுவதில்லை. இதன் உண்மையைப் பின்னால் என் விஷயத்திலேயே அறிந்துகொண்டேன்.

*

எங்கள் ஊரில் இந்த நோய் கண்டவர்கள் மூன்று பேர். நான், பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் ஒரு நண்பர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கார்டு ஸாரின் வீட்டுத் திண்ணையில் எங்கள் சபை கூடும். கேட்லாக்கை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் செய்கிற விசாரணையைப் பார்த்தால், ஏதோ பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகம் பார்க்கிறார்கள் என்றே தோன்றும்.

முதற் கேள்வி: இது உண்மையில் புதிய இஞ்சினா, அல்லது பழைய அச்சில் புதிய வர்ணமா? பொம்மை இஞ்சினின் செலவில் பெரும் பகுதி அதன் எஃகு அச்சில் அடங்கியிருக்கிறது. அச்சை ஒரு முறை வெட்டிவிட்டால், பிறகு எத்தனை பெயரிலும் எத்தனை நிறத்திலும் வார்த்துத் தள்ளலாம். "மல்லார்ட்" என்ற இஞ்சினைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி இஞ்சின்களின் உலகச் சாதனையைப் பெற்றது அது. அந்த ஏ-4 வகையில் அசலாகக் கட்டப்பட்டவை 35 இஞ்சின்களே. அவை தம் ஆயுளில் வெள்ளிச் சாம்பல், நீலம், யுத்த காலத்துக் கறுப்பு, மறுபடி வேறொரு நீலம், பச்சை என்று பல சட்டைகளை மாற்றிக்கொண்டவை. முப்பத்தைந்து பெயர்களை இந்த நிறங்களோடு பெருக்கிப் பாருங்கள். ஒரே அச்சை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை முழுவதும் கேட்லாக்கின் பக்கங்களை நிரப்பலாம். அத்தனைக்கும் "புதிய வெளியீடு" என்றுதான் பெயர்.

இரண்டாவது கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது? இங்கேதான் தராதரம் தெரியும். மூன்று முனை மோட்டாரைவிட ஐந்து முனை மோட்டார் மெதுவாகவும் தடங்கலின்றியும் சுழலும். எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், பாதை கிளைக்கிற இடங்களில் இஞ்சின் விக்கித்து நிற்காது. உடம்பு கனமாயிருந்தால்தான் பத்து வண்டிகளை இழுக்கும். உலோகத்தில் வார்த்திருக்கிறார்களா, பிளாஸ்டிக்கினாலா? கைப்பிடிக் கம்பியைத் தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறார்களா, அல்லது உடம்போடு சேர்த்தே வார்த்துவிட்டார்களா? தனிக் கம்பி பார்வைக்கு அழகு. ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒடிந்துவிடுவதும் அதுதான். "அழகு வேணுமா, ஆயுசு வேணுமா? ரெண்டும் சேர்ந்து வராது ஸார்" என்பார் கார்டு.

உலோகம் என்றதும் மகிழ்ந்துவிடக் கூடாது. இந்த இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் துத்தநாகக் கலப்பு உலோகத்தையே வார்க்கிறார்கள். அதில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும். பல வருஷங்களுக்குப் பிறகு உலோகம் தானாகவே உப்பி, வெடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்து போகும். 1930-களில் செய்த பல அருமையான பொம்மைகள் இப்படி அழிந்து போயின. யாரும் தொடவில்லை, ஓட்டவில்லை. கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தபடியே அவை மாண்டு போயின. இதை முதன்முதலில் படித்த அன்று, நிலையாமையைப் பற்றி நம் பெரியோர்கள் சொன்னதற்கு ஒரு புதிய உதாரணம் கிடைத்தது.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கஷ்டமானது: இப்போதே முன்பணம் கட்டிப் பதிவு செய்வதா, பொருள் வெளிவந்து நாலு பேர் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குவதா? இக்காலத்தில் கம்பெனிகள் எதையும் மிகுதியாகச் செய்து குவிப்பதில்லை. இத்தனை எண்ணிக்கைதான் என்று நிர்ணயித்துச் செய்கிறார்கள். காத்திருந்தால் தீர்ந்துவிடும். காத்திராமல் வாங்கினால், ஆறு மாதத்தில் கடைக்காரர் மீந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுவதைப் பார்த்து வயிறெரிய நேரிடலாம். பாங்கி நண்பர் எப்போதும் "பதிவு செய்" கட்சி. கார்டு ஸார் எப்போதும் "பொறு" கட்சி. முப்பத்தாறு வருஷம் பச்சைக் கொடி காட்டியவருக்கு இந்த விஷயத்தில் கையில் எப்போதும் சிவப்புக் கொடிதான்.

*

விலைக்கு வருவோம். நல்ல எக்ஸ்பிரஸ் இஞ்சின் ஒன்று இன்று 200 பவுனைத் தாண்டிவிட்டது. சிறுவர்களின் பிறந்த நாள் பரிசாக இருந்த வஸ்து, பென்ஷன் வாங்குகிறவர்களின் ஆடம்பரமாகிவிட்டது. இதற்குக் கம்பெனிக்காரர்களின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 1990-களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தம் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. அங்கே கூலி குறைவு. ஆகவே நூற்றுக்கணக்கான நுண்ணிய உறுப்புகளைக் கையினால் பொருத்திச் செய்யும் இஞ்சின்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ரசிகர்களின் கண் அந்த நுணுக்கத்துக்குப் பழகிவிட்டது. பிறகு சீனத்திலும் கூலி உயர்ந்தது. செய்யும் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வந்தது. பழைய விலைக்குப் புதிய நுணுக்கம் வேண்டும் என்றால் யார்தான் கொடுப்பார்கள்? ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனியே 2009-ல் கடன்பட்டு நொடித்துப் போய், பின்னர் வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. ஆகவே கேட்லாக்கின் விலையைப் பார்த்துக் கம்பெனிக்காரர் கோடீசுவரராகிறார் என்று நினைப்பது வீண்.

நம் தேசத்தில் இருக்கிறவனுக்கு இதோடு கதை முடிவதில்லை. வெளிநாட்டுப் பொம்மைகளின் மேலுள்ள சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்ந்தது. கடைக்காரர் யாரும் இத்தகைய சரக்கை வரவழைத்து வைப்பதற்கு முன்வருவதில்லை. தனி மனிதன் தபாலில் தருவித்தால் கணக்கு வேறு; ஆயினும் எல்லா வரிகளும் சேர்ந்து பொருளின் விலையில் முக்கால் பாகத்துக்குக் குறையாமல் வந்து நின்றன. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், 2023-ஆம் ஆண்டில் நான் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

அவ்வருஷத்துக் கேட்லாக் ஒன்றில் ஒரு பச்சை நிற எக்ஸ்பிரஸ் இஞ்சின் வந்திருந்தது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். புதிய அச்சு, ஐந்து முனை மோட்டார், சபையின் மூன்று கேள்விகளில் இரண்டுக்குத் திருப்திகரமான பதில் இருந்தது. மூன்றாவது கேள்விக்குக் கார்டு ஸாரின் பதிலை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விலை 215 பவுன். வெளிநாட்டுக்கு அனுப்புவதனால் அவர்கள் நாட்டு வரி 20 சதவீதத்தைக் கழித்து 179 பவுன். தபால் செலவு 21. ஆக மொத்தம் 200 பவுன். நம் பணத்தில் அன்று ஏறக்குறைய 21,000 ரூபாய். தனி டியூஷனில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வீட்டுக் கணக்கில் ஏறாத பணம்.

"என்ன விலை?" என்று என் மனைவி கேட்டாள்.

"எட்டாயிரம் ரூபாய்" என்றேன்.

இந்தப் பொய் எனக்குப் புதிதன்று. எங்கள் சபையில் மூவருமே வீட்டுக்கு ஒரு விலை, திண்ணைக்கு ஒரு விலை என்று வைத்திருந்தோம். ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது. வருஷங்கள் செல்லச் செல்ல உறுத்தல் நின்றுவிட்டது. 76-ல் ஒரு பங்கு உடம்பும் 87-ல் ஒரு பங்கு பாதையுமாக நாங்களும் சுகமாகவே ஓடிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதத்தில்தான் என் பெண், ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், என்னிடம் வந்து நின்றாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் உதகமண்டலத்துக்கு உல்லாசப் பிரயாணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போவது. கட்டணம் 4,500 ரூபாய். "இந்த மாசம் கையிலே பணம் இல்லேம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். குழந்தை மறு பேச்சுப் பேசவில்லை. "சரிப்பா" என்று போய்விட்டாள்.

*

பார்சல் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தபால்காரர் என் மனைவியிடம் ஒரு காகிதத்தை நீட்டி, சுங்க வரி 16,000 ரூபாய் சொச்சம் கட்டினால்தான் பார்சலைக் கொடுக்கலாம் என்றாராம். சீட்டுப் பணம் எடுத்து, பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கென்று பீரோவில் வைத்திருந்தாள் அவள். அதிலிருந்து எண்ணிக் கொடுத்துப் பார்சலை வாங்கி வைத்துவிட்டாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்து மேஜைமேல் பார்சல். அதன்மேல் அந்தக் காகிதம். காகிதத்தின்மேல் பறக்காமலிருக்க ஓர் எவர்ஸில்வர் டம்ளர். காப்பி வந்தது. காப்பிக்குப் பின் கேள்வி வந்தது.

"ஏங்க, எட்டாயிர ரூபாய்ச் சாமானுக்குப் பதினாறாயிரம் ரூபாய் வரி போடுவாங்களா? சர்க்கார் அவ்வளவு அநியாயமாவா இருக்கு?"

சர்க்காரின் நற்பெயரைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு அன்று என் தலையில் விழுந்தது. காகிதத்திலேயே பொருளின் மதிப்பு அச்சாகியிருந்தது. அவள் அதை முன்பே படித்துவிட்டாள் என்பதையும் அறிந்தேன். உண்மையைச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை.

"முப்பத்தேழாயிரம் போனா போகட்டும். சம்பாதிக்கிறது நீங்க. ஆனா கையிலே பணம் இல்லேன்னு குழந்தைகிட்டே சொன்னீங்களே. எனக்கு ஒரு விலை சொன்னீங்க, சரி. அவளுக்கும் ஏன் ஒரு விலை சொல்லணும்?"

இதற்கு விடை என்னிடம் இல்லை. அப்புறம் மூன்று நாட்கள் வீட்டில் அவசியமான வார்த்தைகளைத் தவிர வேறு பேச்சில்லை. பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக உபாத்தியாயர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். கடன் விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'குழந்தையின் படிப்பு' என்று எழுதினேன். அதுவும் பாதிப் பொய்தான்.

தெய்வம் நின்று கேட்கும் என்பார்கள். அன்று அது நிற்கக்கூட இல்லை, உடனே கேட்டது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பார்சலைத் திறந்து, இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினேன். நேர்ப் பாதையில் அழகாக ஓடிற்று. பாதை கிளைக்கும் இடம் வந்ததும் தடம் புரண்டு சாய்ந்தது. எத்தனை முறை வைத்தாலும் அதே கதி. விற்றவருக்கு எழுதினேன், திருப்பி அனுப்பினால் வேறு தருவதாகப் பதில் வந்தது. திருப்பி அனுப்பும் தபால் செலவு என்னுடையது. மாற்று வரும்போது மறுபடியும் வரியைப் பற்றி வழக்காட வேண்டியதும் நானே.

மறுநாள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்திலிருந்த வெர்னியர் அளவுகோலால் சக்கரங்களை அளந்தேன். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கிடையே 13.9 தான் இருந்தது. ஒரு மயிரிழைக் கோளாறு! இரண்டு விரல்களால் பிடித்து, மெல்லத் திருகி இழுத்து, மறுபடி அளந்து சரிப்படுத்தினேன். சுற்றி நின்ற மாணவர்களுக்கு வெர்னியர் அளவுகோலின் உபயோகம் அன்றுபோல் என்றும் விளங்கியதில்லை. அவர்களில் ஒரு பையன், "ஸார், இது என்ன விலை?" என்று கேட்டான். வாயில் வந்த எட்டாயிரத்தை விழுங்கிவிட்டு, "வரியோடு சேர்த்து முப்பத்தேழாயிரம்" என்றேன். வகுப்பு முழுவதும் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போயிற்று. ஆனால் அந்தத் தொகையை உரக்கச் சொன்ன பிறகு என் மார்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது நிஜம்.

*

அடுத்த ஜனவரியில் கேட்லாக் வழக்கம்போல் வந்தது. அதை நான் திறக்கவில்லை. நேராகக் கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்தேன். அவளும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பட்டுப் புடவைக் கடையில் ஜரிகையைத் திருப்பிப் பார்த்து, உள்ளே வெள்ளியா, வெறும் நூலா என்று சொல்லக்கூடியவள் அவள்.

"இந்தப் பக்கத்திலே இருக்கிற இஞ்சினும் ரெண்டு வருஷத்துக்கு முந்தின புஸ்தகத்திலே இருந்ததும் ஒண்ணுதானே? நிறத்தை மாத்திட்டு நாப்பது பவுன் ஏத்தியிருக்காங்க. அதே தறி, அதே ஜரிகை, கரை மட்டும் வேறே" என்றாள்.

எங்கள் சபை பல வருஷங்கள் ஆராய்ந்து கண்ட உண்மையை அவள் அரை மணி நேரத்தில் கண்டுவிட்டாள்.

அந்த வருஷம் இஞ்சின் வாங்கவில்லை. கோடை விடுமுறையில் நாங்கள் மூவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினோம். அந்தப் பாதையைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் தூரம். கீழே 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டை, அதைப் பற்களாலேயே பற்றிக்கொண்டு ஏறும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து இஞ்சின் வகை. 2005-ல் யுனெஸ்கோவின் கௌரவம். சொல்லியிருக்கிறேனே தவிர, நாற்பது வயதுக்குமேல் ஆகியும் அதில் ஏறியதில்லை. பணத்தை யெல்லாம் பொம்மைக்குச் செலவிட்டவனுக்கு அசலைப் பார்க்க நேரம் ஏது?

கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பற்றியதும், வண்டி பின்னாலிருந்து இஞ்சின் தள்ள மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. நடைவேகந்தான். ஜன்னலோரத்தில் என் பெண். ஒரு குகைக்குள் நுழைந்ததும் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் குழந்தைகள் கூச்சலிட்டன, அவளும் கூச்சலிட்டாள். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் கூச்சலிட்டேன். தண்ணீர் பிடிப்பதற்காக வண்டி நின்ற ஓரிடத்தில் இறங்கி இஞ்சினருகில் சென்றோம். எண்ணெய், நீராவி, சூடான இரும்பு ஆகியவற்றின் வாசனை. மீட்டர் கேஜ் பாதை. விழுப்புரத்துப் பிளாட்பாரத்தில் என் தகப்பனாரின் விரலைப் பிடித்து நின்றபோது எனக்கு என்ன உயரமோ, அந்த உயரத்துக்கு நான் ஒரு கணம் குறுகிவிட்டேன். நான் புரட்டிய கேட்லாக்குகள் ஒன்றிலும் இதுவரை ஒய்.பி. இஞ்சின் வந்ததில்லை. இத்தனை வருஷங்களாக வேறொருவர் ஊர் இஞ்சின்களை வாங்கிக் குவித்ததெல்லாம் அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ!

"அப்பா, உங்க பச்சை இஞ்சினை விட இது நல்லா இருக்கா?" என்று பெண் கேட்டாள்.

"இதுக்குச் சக்கரத்தை நான் திருக வேண்டியதில்லை" என்றேன். என் மனைவி சிரித்தாள்.

மூன்று பேருக்கும் ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,200 ரூபாய் ஆயிற்று. தொகையைச் சரியாகச் சொல்கிறேன். கணக்கு எழுதியது என் மனைவி.

என் நோய் தீர்ந்துவிட்டது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். மலையேறும்போதே அந்த இஞ்சினில் ஆணிகளின் வரிசையை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பச்சை இஞ்சினும் மாதம் ஒரு முறை எங்கள் கூடத்தில் ஓடுகிறது. இப்போது தடம் புரள்வதில்லை. இந்த வருஷம் மலிவான சரக்கு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். சபைக்கும் ஒரு புதிய விதி ஏற்பட்டிருக்கிறது: திண்ணையில் சொல்லும் விலையும் வீட்டில் சொல்லும் விலையும் ஒன்றாயிருக்க வேண்டும். கார்டு ஸார் உடனே ஒப்புக்கொண்டார். பாங்கி நண்பர் மட்டும் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறார்.